கூடவே வரும் படகு



புதிய பள்ளி ஆண்டு பிறந்துவிட்டால் நம் வீடுகளில் பெருநாள் களை வந்துவிடுகிறது. புதுக் கொப்பிகளுக்கு உறை போடுகிறோம். பெயரும் வகுப்பும் எழுதி ஒட்டுகிறோம். சீருடையை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் எடுத்து வைக்கிறோம். இலங்கையில் வழக்கமாக ஜனவரி, தமிழகத்தில் ஜூன். மாதம்தான் வேறு, தாய்மாரின் பரபரப்பு ஒன்றுதான்.

முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். எழுப்பாமலே எழும்புவார்கள். புத்தகப் பையை இரவே அடுக்கி வைப்பார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் மூன்றாவது மாதம் அந்தக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். முதல் பத்துப் பக்கங்களையும் நடுப்பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டையும் எழுதியது ஒரே பிள்ளைதானா என்று சந்தேகம் வரும். சிவப்பு மையால் போட்ட கோடுகள் எங்கே? அழகாக எழுதிய தேதிகள் எங்கே?

பிள்ளை கெட்டுப் போய்விட்டாளா? இல்லை. முதல் வார உற்சாகம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உற்சாகம் யாருக்கும் தீரக்கூடியதுதான். தீர்ந்த பிறகு பிள்ளையை எது நடத்திச் செல்கிறது என்பதே கேள்வி. இதற்கான பதிலை இந்த மாதம் பள்ளிக்கூடத்தில் தேடாமல், ஒரு கடற்கரையில் தேடிப் பார்ப்போம்.

கடலோடு வாழ்ந்த ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரையில், வடமராட்சிப் பகுதியில் இருக்கிறது வல்வெட்டித்துறை. ஊரார் சுருக்கமாக வல்வை என்பார்கள். வீட்டு வாசலைத் தாண்டினால் கடல். கடலைத் தாண்டினால் தமிழகம். தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் கட்டியவர்களும் ஓட்டியவர்களும் வாழ்ந்த ஊர் அது. இந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், உலகின் பாதியைக் கடந்து 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது.

கப்பலில் கடந்த கடலைக் கையால் நீந்திக் கடந்தால் என்ன என்று எண்ணியவர்களும் இந்தக் கரையில் இருந்தார்கள். பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-ல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அவருக்குப் பின் வந்தவர் வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன். ஊரும் உலகும் அவரை 'ஆழிக்குமரன்' என்று அழைத்தன. கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெயர் பதித்தவர்.

1971-ல் அவர் செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள். இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரை வரை நீந்தினார். அங்கே கரை சேர்ந்ததும் படகேறித் திரும்பவில்லை. மீண்டும் கடலில் இறங்கி இலங்கைக் கரைக்கே நீந்தி வந்தார். போகவும் வரவும் 51 மணி நேரம்! இரண்டு பகல், இரண்டு இரவு முடிந்து, அதற்கு மேலும் மூன்று மணி நேரம்.

அக்கரைக்குப் போகும்போது மனிதனுக்குத் துணையாக உற்சாகம் இருக்கும். கரை கண்டதும் மகிழ்ச்சி பொங்கும். ஆனால் கையும் காலும் களைத்த பிறகு, அதே தண்ணீரில், அதே தூரத்துக்கு மறுபடி இறங்குவது இருக்கிறதே, அங்கே உற்சாகம் உதவாது. பழகிய கை, பழகிய மூச்சு, கணக்கு மாறாத பயிற்சி ஆகியவைதான் உதவும்.

நம் பிள்ளைகளின் பள்ளி ஆண்டும் இப்படித்தான். முதல் தவணை, போகும் பயணம். புதுப் புத்தகத்தின் வாசனையே பிள்ளையை இழுத்துச் செல்லும். இரண்டாம் தவணையும் மூன்றாம் தவணையும்தான் திரும்பி வரும் பயணம். அங்கே பிள்ளைக்குக் கைகொடுக்கப்போவது, இந்த முதல் வாரங்களில் நாம் பழக்கிவிடுகிற பழக்கங்கள் மட்டுமே.

படகின் சட்டம்

நெடுந்தூரம் நீந்துகிறவர் தனியே போவதில்லை. பக்கத்திலேயே ஒரு படகு வரும். இந்தப் படகுக்கு ஒரு சட்டம் உண்டு. நீந்துகிறவர் படகைப் பிடித்து இளைப்பாறக் கூடாது. படகில் இருப்பவர் அவரைத் தாங்கவும் கூடாது. ஒரு கணம் தாங்கினாலும் அந்த நீச்சல் செல்லாது. உணவைக்கூடக் கையால் ஊட்டுவதில்லை. கயிற்றில் கட்டிய குவளையிலோ, நீண்ட கம்பின் நுனியிலோ வைத்து நீட்டுவார்கள்.

அப்படியானால் படகு எதற்கு? நீந்துகிறவரின் தலை நீர்மட்டத்தில் இருக்கிறது. அலை மறைக்கும், கரை தெரியாது. நீரோட்டம் இழுத்துச் செல்வதும் தெரியாது. படகுதான் திசை காட்டும். படகுதான் நேரம் பார்த்து உணவு நீட்டும். நிமிடத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறார் என்று எண்ணிக் கொண்டே வருவதும் படகில் இருப்பவர்கள்தான். எண்ணிக்கை குறைந்தால் களைப்பு என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

சகோதரிகளே, பள்ளி ஆண்டு என்னும் கடலில் தாய்தான் அந்தப் படகு. கூடவே வரவேண்டும்; தூக்கிச் செல்லக் கூடாது. இதில் இன்னொரு ஆறுதலும் இருக்கிறது. படகில் வருகிறவருக்கு 51 மணி நேரம் நீந்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை! "நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் பிள்ளையின் கணக்கும் விஞ்ஞானமும் எனக்கு என்ன விளங்கும்?" என்று ஒதுங்கி நிற்கும் தாய்மார் நம்மில் எத்தனை பேர்! உங்களுக்குக் கணக்கு விளங்க வேண்டாம். நேரம் பார்க்கத் தெரிந்தால் போதும். முகம் பார்க்கத் தெரிந்தால் போதும். படகின் வேலை அவ்வளவுதான்.

திசை காட்டுவது

திசை காட்டுவது என்றால், "நீ டாக்டராக வேண்டும், இஞ்சினியராக வேண்டும்" என்று தினமும் ஓதுவதா? பத்து வயதுப் பிள்ளைக்கு அது கண்ணுக்கெட்டாத கரை. அதைக் காட்டிக் காட்டியே பிள்ளையைக் களைக்க வைக்கிறோம். இன்று எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தப் பாடம் என்று சொல்லிவிட்டால் அதுவே திசை.

நம் வீடுகளில் இதற்கு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து வேளைத் தொழுகை நம் நாளை ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடிகாரம் நின்றாலும் பாங்கு நிற்பதில்லை. அந்த நேரங்களோடு படிப்பைக் கட்டிவிடுங்கள். மஃரிப் தொழுத கையோடு பாய் விரித்து உட்கார்ந்தால் இஷா வரைக்கும் ஒரு மணி நேரம். இது நம் பாட்டிமார் காலத்திலிருந்தே ஓதவும் படிக்கவும் உகந்ததாக இருந்த நேரம்தான். இன்று அதைத் தொலைக்காட்சித் தொடரும் செல்போனும் பிடித்துக் கொண்டன.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து இதை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே அன்றாடம் நடக்கிற ஒரு காரியத்தோடு புதிய பழக்கம் ஒன்றைச் சேர்த்துக் கட்டி, நாள்தோறும் செய்து பார்த்தார்கள். காலை உணவுக்குப் பின் இது, மாலையில் வந்ததும் அது என்கிற மாதிரி. அந்தப் பழக்கம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்காயிற்று. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் அழிந்துவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். பத்து நாள் பார்த்துவிட்டு, "இவளுக்கு எதுவும் படியாது" என்று கைவிடாதீர்கள். முதல் தவணை முழுவதையும் பழக்குவதற்கே கொடுங்கள். இரண்டாவது, உறவினர் வந்தார்கள், காய்ச்சல் வந்தது, கல்யாணத்துக்குப் போனோம் என்று ஒரு நாள் தவறினால், "எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைக்காதீர்கள். மறுநாள் அதே நேரம் அதே பாய் விரிந்தால் போதும்.

நேரம் பார்த்து உணவு, நேரம் பார்த்து உறக்கம்

நீந்துகிறவருக்கு ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக நீராகாரம் தருவது பலரும் கைக்கொள்ளும் முறை. பசித்துக் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. கேட்கிற அளவுக்குப் போய்விட்டால் களைப்பு முந்திவிட்டது என்று பொருள்.

பிள்ளைக்கும் அப்படித்தான். வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிற பிள்ளை முதல் இரண்டு பாடங்களையும் வயிற்றில்தான் கேட்கும். அவசரத்தில் இடியப்பமும் சம்பலும் ஆகவில்லையா? இரவு மிஞ்சிய சோறு, ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். எதுவாவது உள்ளே போக வேண்டும்.

அதைவிட முக்கியம் உறக்கம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்பு 2016-ல் அறிவித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டிய பத்து வயதுப் பிள்ளை இரவு எட்டரைக்கு உறங்கியிருக்க வேண்டும். நம் வீட்டில் எட்டரைக்கு என்ன நடக்கிறது? பிள்ளை காலையில் எழும்ப மறுப்பது சோம்பலா, அல்லது முதல் நாள் இரவு நாம் கொடுக்காமல் விட்ட இரண்டு மணி நேர உறக்கமா? ஏசுவதற்கு முன்னால் இதை யோசிப்போம்.

எண்ணிக் கொண்டே வருவது

நேற்றுப் படித்தது இன்று ஏன் மறந்து போகிறது? ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்ற அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே நழுவிப் போகிறது. எஞ்சியது மெதுவாகத்தான் நழுவுகிறது. திரும்பத் திரும்ப இடைவெளி விட்டுப் படித்தால் நிலைக்கிறது என்று கண்டார். பரீட்சைக்கு முந்தின வாரம் விழுந்து விழுந்து படிப்பது ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

எனவே பள்ளிவிட்டு வந்த அன்றே பத்து நிமிடம் போதும். அடுப்படியில் நீங்கள் வெங்காயம் உரித்துக் கொண்டிருக்கும்போதே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்: "மகள், இன்றைக்கு டீச்சர் என்ன சொல்லித் தந்தாங்க? உம்மாவுக்கும் சொல்லித் தாங்க." பிள்ளை ஆசிரியராகிவிடும். சொல்லும்போதே தனக்கு விளங்கியது எது, விளங்காதது எது என்று அதற்கே தெரிந்துவிடும். நீங்கள் படித்தவளா, படிக்காதவளா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. சொல்லப்போனால், உங்களுக்குத் தெரியாத பாடமாக இருந்தால்தான் பிள்ளை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டி வரும்!

தாங்கக் கூடாத இடம்

படகின் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். வீட்டுப்பாடம் முடியவில்லை, நேரமாகிவிட்டது என்று நாமே படம் கீறிக் கொடுக்கிறோம். கட்டுரையை நாமே சொல்லச் சொல்ல எழுத வைக்கிறோம். அல்லது அதற்கும் ரியூசன் மாஸ்டரைப் பிடிக்கிறோம். அன்றைக்குப் பிள்ளை தப்பித்துவிடும். ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள் படகு வராதே!

தப்பாக இருந்தாலும் பிள்ளையே செய்யட்டும். ஆசிரியர் திருத்துவார். திருத்தப்பட்ட தப்பை மறுநாள் தன் கையாலேயே ஒரு முறை சரியாகச் செய்து பார்க்கட்டும். புத்தகப் பையை அடுக்குவதும், காலணியைத் துடைப்பதும், தண்ணீர்ப் போத்தலை நிரப்புவதும்கூட பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும். ஒரு நாள் கொப்பியை மறந்துவிட்டுப் போய்ப் பேச்சு வாங்கினால் வாங்கட்டும். முச்சக்கர வண்டி பிடித்துக் கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். அந்த ஒரு நாள் பாடம், ஆண்டு முழுவதும் பையைப் பார்த்து அடுக்க வைக்கும்.

புள்ளி குறைந்து வரும்போதும் இதே நிதானம் வேண்டும். "பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை?" என்ற கேள்வியால் எந்தப் பிள்ளையும் உயர்ந்ததில்லை. எந்தக் கேள்வியில் தப்பியது, ஏன் தப்பியது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்ற மூன்று கேள்விகளே போதும். விழுந்த பிள்ளைக்கு விழுந்த இடத்தைக் காட்டினால் எழும்பத் தெரிந்துவிடும்.

ஜாம் போத்தல் விளக்கு

"வசதி இருந்தால் என் பிள்ளையும் படிக்கும்" என்று சொல்கிறோம். வசதி வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் வசதி எல்லாம் பறிபோன காலத்திலும் தாய்மார் எதைக் காப்பாற்றினார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

வல்வெட்டித்துறை யுத்தத்தில் மிகவும் அடிபட்ட ஊர். 1987 மே மாதம் வடமராட்சியில் பெரும் இராணுவ நடவடிக்கை நடந்தது. 1990-ல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போயிற்று. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாயிற்று. அப்போது வீடுகளில் பிறந்ததுதான் 'ஜாம் போத்தல் விளக்கு'. வெற்று ஜாம் போத்தலுக்குள் சிறு திரி, சொற்ப எண்ணெய். அந்த மங்கிய வெளிச்சத்தைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து படித்தார்கள். அங்கிருந்து படித்துத்தான் ஒரு தலைமுறை பல்கலைக்கழகம் போனது. எண்ணெய் அளவாக இருந்ததால் நேரமும் அளவாக இருந்தது. விளக்கு எரிகிற நேரத்தில் வேறு வேலைக்கு இடமில்லை.

அதே 1990-ன் அக்டோபர் இறுதி. யாழ்ப்பாணம் உட்பட வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ் நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த பிள்ளைகளும் வாப்பா உம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டு வெறுங்கையோடு வெளியேறினார்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அங்கேயும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களிலிருந்தும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் வந்தார்கள்.

அடித்த அலை இரண்டு சமூகங்களுக்கும் வேறு வேறு திசையிலிருந்து வந்தது. ஆனால் அலைக்குள் தாய்மார் செய்த காரியம் ஒன்றுதான். இருக்கிற வெளிச்சத்தில், இருக்கிற இடத்தில், பிள்ளையைக் கொப்பியோடு உட்கார வைத்தார்கள். மன உறுதி என்பது பெரிய சொல்லாகத் தெரிகிறது. வீட்டுக்குள் வந்தால் அது இவ்வளவு சிறிய வடிவத்தில்தான் இருக்கிறது: நேற்று உட்கார்ந்த நேரத்தில் இன்றும் உட்காருவது.

இன்று வெளிச்சத்துக்குக் குறைவில்லை. வெளிச்சம்தான் கூடிவிட்டது! செல்போனின் வெளிச்சத்தைத்தான் சொல்கிறேன். 2020-ல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது அதே செல்போனில்தான் பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். எனவே அதை எதிரியாக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வீட்டிலுள்ள எல்லாருடைய போனும் அலமாரியின் மேலே போகட்டும். எல்லாருடையதும் என்றால் வாப்பாவுடையதும், நம்முடையதும்தான். தான் ஒன்றைப் பார்த்துக் கொண்டே பிள்ளையைப் 'படி' என்று சொல்லும் தாயின் சொல்லைப் பிள்ளை காதால் கேட்கும், கண்ணால் கேட்காது.

மகளுக்கும் ஒரு படகு

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மகனுக்குப் படகு இருக்கிறது. மகளுக்கு இருக்கிறதா?

மஃரிபுக்குப் பின் மகன் புத்தகத்தோடு உட்கார்ந்தால் வீடே அமைதியாகிறது. மகள் உட்கார்ந்தால், "அந்தத் தேங்காயைத் துருவிவிட்டுப் போ, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுப் போ" என்று ஐந்து முறை எழுப்புகிறோம். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவள் விட்ட இடத்தைத் தேடி மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. பிறகு, "மகனுக்கு இருக்கிற கவனம் மகளுக்கு இல்லை" என்றும் நாமே சொல்கிறோம்! வீட்டு வேலை இருவருக்கும் பொதுவாகட்டும். அது அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அல்லது பின்னால் நடக்கட்டும். பெரிய பிள்ளையானதும் பள்ளியை நிறுத்தலாமா என்று யோசிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அந்த வீடுகளில் மகளுக்காகப் பேசக்கூடிய முதல் ஆள் உம்மாதான்.

பெண் பிள்ளையால் கடல் கடக்க முடியுமா என்று கேட்டால், பாக்கு நீரிணையே பதில் சொல்லும். 2004-ல் வங்காளத்துப் பூலா சவுத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திக் கடந்தார். 2022 மார்ச் மாதம் மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி அதே கடலை 13 மணி 10 நிமிடத்தில் கடந்தாள். அவள் ஆட்டிசம் உள்ள பிள்ளை. இது மற்றப் பிள்ளைகளைப் போல் படிக்காது, பழகாது என்று பலர் ஒதுக்கிவிடக்கூடிய பிள்ளை. கூடவே வரப் படகு இருந்ததால் கரை கண்டாள்.

தூக்கிவிட வேண்டிய நேரம்

இதுவரை தாங்காதீர்கள், தூக்காதீர்கள் என்று சொன்னேன். ஆனால் தூக்கியே ஆக வேண்டிய நேரமும் உண்டு.

ஆழிக்குமரன் ஆனந்தன் 1984 ஆகஸ்ட் 6 அன்று இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. அது குளிர்ந்த கடல். நம் கடலைப் போன்றதல்ல. எவ்வளவு உறுதியுள்ள உடலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்த இழப்பு நமக்கு நினைவூட்டுகிறது. அதனால்தான் நெடுநீச்சலில் படகில் இருப்பவர்கள் நீந்துகிறவரின் பேச்சைக் கவனிக்கிறார்கள், கைவீச்சைக் கவனிக்கிறார்கள். சொல் குழறினால், கை தளர்ந்தால், அவர் "இன்னும் முடியும்" என்று சொன்னாலும் தூக்கிவிடுகிறார்கள். அப்போது சட்டமும் இல்லை, சாதனையும் இல்லை, உயிர்தான் பெரிது.

பிள்ளையிடமும் அடையாளங்கள் உண்டு. பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்று வலி வருகிறதா? கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டதா? இரவில் உறக்கமில்லையா? சாப்பாடு இறங்கவில்லையா? கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிறதா? இவற்றையெல்லாம் 'படிக்கக் கள்ளம்' என்று தள்ளிவிடாதீர்கள். கண் பார்வையாக இருக்கலாம். வகுப்பில் யாரோ துன்புறுத்துவதாக இருக்கலாம். புலமைப்பரிசில் பரீட்சை, சாதாரண தரம் என்று நாம் ஏற்றிவைத்த சுமையாகவும் இருக்கலாம். பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, ஏசாமல் கேளுங்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். ரியூசனில் ஒன்றைக் குறையுங்கள். ஒரு தவணைப் புள்ளி போனால் அடுத்த தவணை இருக்கிறது. பிள்ளையின் மனம் முறிந்தால் அதற்கு அடுத்த தவணை இல்லை.

ஆனந்தன் கடக்க முடியாமல் போன அதே ஆங்கிலக் கால்வாயை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து 2024 ஜூலையில், முன்னே சொன்ன ஜியா ராய் தன் 16ஆம் வயதில் நீந்திக் கடந்தாள். முதலில் நம் பக்கத்துக் கடலில் பழகிய பிள்ளை அவள். ஒரு கரையில் நின்றுபோன முயற்சி, வேறொரு பிள்ளையின் கையால் வேறொரு நாளில் கரை சேரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, பெரிய தீர்மானங்கள் எதுவும் வேண்டாம். இந்த வாரம் நான்கு காரியங்கள் போதும். வீட்டில் ஒரு மூலையைப் பிள்ளையின் படிப்புக்கென்று ஒதுக்குங்கள். மேசை இல்லாவிட்டால் பாய் போதும். மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரத்தை வீட்டார் அனைவரும் சேர்ந்து காப்பாற்றுங்கள். உறங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்துக் குறித்து வையுங்கள். "உம்மாவுக்கும் சொல்லித் தாங்க" என்று தினமும் ஒரு முறை கேளுங்கள்.

சுவர்க் கலண்டரில், இந்த நான்கும் நடந்த ஒவ்வொரு நாளையும் பிள்ளையின் கையாலேயே ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். தவறிய நாளில் வட்டம் வேண்டாம், ஏச்சும் வேண்டாம். 66 வட்டங்கள் ஆனதும் கொப்பியின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். இன்ஷா அல்லாஹ், முதல் பக்கத்தில் பார்த்த அதே கையெழுத்து அங்கேயும் இருக்கும்.